கம்பவுண்டர் வீட்டுச் சுவர்

என் மேசை இழுப்பறையில் ஒரு காரைத் துண்டு கிடக்கிறது. உள்ளங்கை அகலம், விரல் தடிமன். ஒரு பக்கம் சுண்ணாம்பும் மணலுமாகப் பொரபொரவென்று இருக்கும். மறுபக்கம் வழவழப்பாக, கறுப்பேறி இருக்கும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது என் மருமகள் இரண்டு முறை அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டாள். இரண்டு முறையும் நான் கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன். "என்ன மாமா, இடிஞ்ச செவத்தப் போயி பத்திரப்படுத்துறீங்க" என்றாள். ஆயுள் முழுக்க ஓவர்சியராக இருந்தவனுக்குச் சுண்ணாம்பு மேல் பாசம் இருக்கும் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது ஒரு மனிதர் தலை சாய்த்த இடம். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவரைப் போல் இன்னும் பலர் அந்தச் சுவரில் இருந்தார்கள். அவர்களையெல்லாம் உளி வைத்துக் கொத்தி எடுக்கச் சொன்னவன் நான். அந்த வீட்டைக் காப்பாற்றத்தான் என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள்.

அன்னவாசலிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளியிருந்த எங்கள் பக்கத்து ஊரில் அந்த வீடு இருந்தது. அரசாங்க மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தவருடைய வீடு. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வேண்டியவர்களுக்கு அவர் கம்பவுண்டர் ஐயா, வேண்டாதவர்களுக்குக் கம்பவுண்டன். எங்கள் வீட்டில் கம்பவுண்டன்தான். நிலபுலம் உள்ள குடியானவர் வீட்டில் பிறந்த மனிதர், சேரி ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஊருணியில் தண்ணீர் மொள்ள வைத்தார். செருப்புப் போட்டுக்கொண்டு கோயில் தெருவில் நடக்க வைத்தார். டீக்கடையில் தனிக் குவளை வைத்ததற்காகக் கடைக்காரர் மேல் வழக்குப் போட்டார். ஊர் சும்மா இருக்குமா? வண்ணாரும் நாவிதரும் அவர் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று கட்டுப்பாடு செய்தது. அவர் தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டார், தன் முகத்தைத் தானே மழித்துக்கொண்டார். சொட்டு எண்ணி மருந்து கலக்குகிற கை, சவரக்கத்தியிடம் மட்டும் தோற்றுப்போகும் போலிருக்கிறது. தாடையில் எந்நேரமும் ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்து நாங்கள் செய்த கேலிக்குக் கணக்கில்லை.

அவர் உயிரோடு இருந்தபோது அந்த வீட்டுக்கு நான் ஒரே ஒரு முறை போனேன். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம் அது. எனக்கு இருபது வயது. இரண்டு கண்ணிலும் கண்வலி வந்து, இமை ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் பட்டாலே நீராய்க் கொட்டியது. மருந்தகம் பூட்டிக் கிடந்ததால் அவர் வீட்டுக்கே போகச் சொன்னார்கள். "வாசல்லயே நின்னு மருந்த வாங்கிட்டு வந்துரு, உள்ள காலு வைக்காத" என்று அப்பா சொல்லி அனுப்பினார். நானும் அப்படியே வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது. ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கம்பவுண்டர் ஒரே வார்த்தையைச் சொன்னார். "மொதல்ல சாஞ்சு ஒக்காருங்க. அப்புறம் பேசுவோம்." கண்ணில் மருந்து விடத்தான் தலையைச் சாய்க்கச் சொல்கிறார், ஊரெல்லாம் கண்வலி போல என்று நான் நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்தார். "ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வந்து சாஞ்சு ஒக்காருங்க" என்றார். "இருக்கட்டுங்க, இங்கனயே நின்னுக்கிறேன்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. நின்றபடியே என் தலையை அண்ணாத்திப் பிடித்து மருந்து விட்டார். அவர் கையில் கார்பாலிக் வாடை அடித்தது. மூன்றாம் நாள் கண் தெளிந்துவிட்டது. கேட்ட வார்த்தையின் அர்த்தம் தெளிய மேலும் பதினைந்து வருஷம் ஆயிற்று.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் யூனியன் ஆபீஸில் ஓவர்சியர். கம்பவுண்டர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளை குட்டி கிடையாது. மனைவி அவருக்கு முன்பே போய்விட்டார். வீட்டை ஜனங்களுக்கே என்று எழுதிவைத்திருந்தார். அதற்குள் காலம் கொஞ்சம் புரண்டிருந்தது. அவரை ஒதுக்கி வைத்த பெரிய மனிதர்களே மேடையில் அவரைத் தியாகி என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். அவருடைய வீட்டைப் பழுதுபார்த்து, அவர் நினைவாக ஒரு வாசகசாலை வைப்பதென்று தீர்மானம் ஆனது. வேலை என்னிடம் வந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்னை முற்போக்கான ஆள் என்று நானே எண்ணிக்கொண்டிருந்த வயது. ஆபீஸில் காலனிக்காரர்கள் வந்தால் நிற்க வைத்துப் பேசமாட்டேன், பெஞ்சைக் காட்டுவேன். அவர்கள் அதன் நுனியில் உட்காருவார்கள். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

வீட்டைத் திறந்துவிட ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், காலனியில் இருந்தார். கல்லுடைக்கிறவர் சம்சாரம் என்றார்கள். கல்லுடைத்தவர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. கம்பவுண்டர் போன பிறகும் யாரும் சொல்லாமலே தினமும் வந்து வீட்டைப் பெருக்கிவிட்டுப் போகிறார் என்று தெரிந்தது. பெருக்கி முடித்ததும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பழைய பேப்பரை விரித்து, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துச் சத்தம் போட்டுப் படிப்பார். கம்பவுண்டர் வீட்டில்தான் எழுத்துக் கற்றுக்கொண்டாராம். அவர் "நி-ல-க்-க-ட-லை" என்று வாசித்ததை வீட்டில் போய் நடித்துக் காட்டி என் மனைவியைச் சிரிக்க வைத்தேன்.

நல்ல கட்டுமானம் அந்த வீடு. கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருந்தார்கள். ஓடு மாற்ற வேண்டும், இரண்டு உத்திரம் செல்லரித்திருந்தது, மற்றபடி பெரிய பழுதில்லை. கூடத்தின் வடக்குச் சுவர் மட்டும் கண்ணை உறுத்தியது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, தட்டுத் தட்டாக எண்ணெய்க் கறை. சில வெளுப்பு, சில நல்ல கறுப்பு. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பெரிதாகிப் போனவையும் இருந்தன. ஜன்னலுக்குக் கீழே ஒன்று மட்டும் தனியாக இருந்தது. அந்த அம்மாள் பேப்பர் படிக்க உட்காருவது அதன் பக்கத்தில்தான். நான் நோட்டில், 'வடக்குச் சுவர், எண்ணெய் அழுக்கு, சுரண்டி வெள்ளையடிக்க வேண்டும்' என்று எழுதினேன். அவர் விளக்குமாற்றோடு பக்கத்தில் வந்து நின்றார். நான் எழுதுவதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது எங்க ஆளுக அழுக்குங்க" என்றார்.

எனக்கு அது மன்னிப்புக் கேட்கிற குரலாகக் கேட்டது. தங்கள் ஜனங்கள் சுவரைக் கெடுத்துவிட்டார்களே என்று கூசுகிறாள், பாவம் என்று நினைத்தேன். அவரை நான் 'நீ' என்றுதான் பேசினேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "நீ கவலப்படாத. இருந்த அடையாளமே தெரியாம வெள்ளவெளேர்னு ஆக்கித் தந்துர்றேன்" என்றேன். அவர் ஜன்னலுக்குக் கீழே ஒரு முறை பார்த்தார். பிறகு, "சரிங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு மரியாதை செய்வதென்றால் முதலில் வெள்ளையடிப்போம். பொங்கலுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். கம்பவுண்டர் வீட்டுக்கும் நான் அதையே செய்தேன். குன்றாண்டார்கோவிலிலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தேன். இரண்டு பூச்சு அடித்தோம், கூடம் பளிச்சென்று ஆகிவிட்டது. சுவர் காய்ந்ததும் கறைகள் திரும்பி வந்தன. முதலில் மஞ்சளாக, பிறகு பழுப்பாக, முன்பு இருந்த அதே இடங்களில் ஒன்று விடாமல் வந்தன. மூன்றாவது பூச்சு அடித்தோம். அதற்கும் வந்தன. அன்று காலையில் நான் போனபோது அந்த அம்மாள் கூடத்தின் நடுவில் நின்று சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத சிரிப்பு, முகமெல்லாம் மலர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் சட்டென்று குனிந்து பெருக்கத் தொடங்கினார். என் வேலை தோற்றதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கொத்தனார் சுவரைத் தடவிப் பார்த்தார். "எண்ணெ குடிச்ச செவருங்க. எண்ணெ மேல சுண்ணாம்பு நிக்காது. எத்தன பூச்சு பூசினாலும் வெளிய வந்துரும். இருந்துட்டுப் போகட்டுமேங்க" என்றார். "பெரிய அதிகாரி வந்து தெறக்கப் போறாரு. அழுக்கோடவா காட்டறது? காரையக் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசுங்க" என்றேன். அவர் உளியைத் தேடிக்கொண்டே, "அங்கிட்டு சித்தன்னவாசல்ல செவத்தப் பாத்துக்க ஆள் போட்டுக் காவல் காக்குறாங்க. நாம இங்கிட்டு உளியப் போடுறோம்" என்றார். நானும் சிரித்தேன். சித்தன்னவாசலுக்கு விருந்தாளிகளைக் கூட்டிப் போய், குகைக் கூரையில் எழுதிய தாமரைக் குள ஓவியத்தைக் காட்டி, புகையும் எண்ணெயும் பட்டு எவ்வளவு அழிந்துவிட்டது பாருங்கள் என்று பொருமுகிறவன்தான் நான். அன்றைக்கு நாள் முழுக்க உளிச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் உள்ளே வரவில்லை. சத்தம் நிற்கும் வரை வாசலில், நான் ஒருகாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற அதே இடத்தில், நின்றுகொண்டிருந்தார்.

புதுக் காரை நன்றாக அமைந்தது. யூனியன் கட்டடங்களில் வழக்கமாக எழுதும் வாசகங்களை எழுத ஆளை வைத்தேன். வாசலில் 'எச்சில் துப்பாதீர்.' கூடத்தின் வடக்குச் சுவரில், சிவப்புப் பெயிண்டில், எல்லாருக்கும் தெரியும்படி பெரிதாக, 'சுவரில் சாயாதீர்.'

திறப்பு விழாவன்று எல்லாருக்கும் முன்னால் ஒரு முதியவர் வந்துசேர்ந்தார். திருவரங்குளம் பக்கத்தில் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒருகாலத்தில் ஒவ்வொரு வாரமும், தன்னை ஏற்றிக்கொள்ளாத மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் நடந்தே கம்பவுண்டர் வீட்டுக்கு வந்தவர். கூடத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"செவரு எங்கங்க?" என்றார்.

கிழவருக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்து, "இதோ இருக்குதுல்ல பெரியவரே" என்று கையால் தட்டிக் காட்டினேன். அவர் கிட்டே வந்து காரையில் உள்ளங்கையை வைத்தார். வாசகத்தை வாய்க்குள் படித்தார். பிறகு திட்டாமல், குரலை உயர்த்தாமல் எனக்குச் சொன்னார். அவரோ, அங்கே வந்த மற்ற சேரி ஜனங்களோ அதற்கு முன் குடியானவர் வீட்டுக்குள் உட்கார்ந்தவர்கள் இல்லை. உட்கார்ந்தாலும் முதுகை வளைத்து, துண்டைக் கக்கத்தில் வைத்து, குத்துக்காலிட்டுத்தான் உட்காருவார்கள். உடம்பு தானாகவே அப்படி மடங்கிவிடும். கம்பவுண்டர் தன் வீட்டிலிருந்த நாற்காலி, பெஞ்சு எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் சுவரில் சாயச் சொன்னார். முதுகும் தலையும் சுவரில் படும் வரை ஒரு பேச்சும் பேசமாட்டார். "அவரு மத்ததெல்லாம் அப்புறந்தாங்க சொல்லிக் குடுத்தாரு. சாஞ்சு ஒக்காரத்தான் மொதல்ல பழக்குனாரு. எனக்கு மூணு மாசம் ஆச்சுங்க" என்றார் தபால்காரர்.

பிறகு ஜன்னலுக்குக் கீழே கை நீட்டினார். அங்கே கல்லுடைக்கிறவர் உட்காருவாராம். ஊருணியில் முதல் குடம் மொண்டவர் அவர். அதற்காக அவரை அடித்தார்கள். நெஞ்சில் விழுந்த அடியோடு இரண்டு மாதம் கிடந்து போய்ச்சேர்ந்தார். கம்பவுண்டர் புதுக்கோட்டைக் கோர்ட்டில் சாட்சி சொன்னார், வேறு யாரும் சொல்லவில்லை, வழக்கு நிற்கவில்லை. புதைத்த இடத்தின் மேல் ரோடு போய்விட்டது. அவரைப் படம் பிடித்தவர் கிடையாது. "அந்த ஆத்தாளுக்குப் புருசன்னு காட்ட இந்தச் செவத்துல ஒரு கறதாங்க இருந்துச்சு" என்றார்.

வெளியே ஒலிபெருக்கி பாடத் தொடங்கியிருந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் வீட்டின் பின்புறம் ஓடினேன். கொடுக்காப்புளி மரத்தடியில் காரை இடிசல் குவிந்து கிடந்தது. சலவைச் சட்டையோடு மண்டியிட்டுக் கிளறினேன். மழை பெய்து எல்லாம் கரைந்து கூழாகியிருந்தது. கையில் அகப்பட்டது ஒரே ஒரு கறுத்த துண்டு. நிமிர்ந்தால் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். புதுச் சேலை கட்டியிருந்தார்.

"நான் அன்னிக்கே தேடிப் பாத்துட்டேங்க" என்றார்.

துண்டை நீட்டினேன். வாங்கிக் கறுத்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். முகத்தின் அருகே கொண்டுபோனார். அது அவராக இருக்க வேண்டும் என்று கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

"இது அவுக இல்லீங்க" என்றார். "யாரோ ஒருத்தரு. நீங்களே வச்சிருங்க."

"ஏம்மா, அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். கேட்கும்போது என் குரலில் கோபம்கூட இருந்தது. தப்பில் பாதியை அவர் தலையில் இறக்கிவைக்கப் பார்த்திருக்கிறேன்.

அவர் என்னைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தார். "சொன்னேங்களே" என்றார். "எங்க ஆளுக அழுக்குன்னு."

விழா நடந்தது. பன்னீர் தெளித்தார்கள். கம்பவுண்டர் படத்துக்கு மாலை போட்டார்கள். தாடையில் பஞ்சு இல்லாத படம். சுவர்கள் எவ்வளவு தூய்மையாக இருக்கின்றன என்று அதிகாரி என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். முக்கியமானவர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு ஜமுக்காளம். அந்த அம்மாள் ஜன்னலுக்குக் கீழே தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு, வளைந்து உட்கார்ந்தார். எனக்குத் தாங்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே குனிந்துபோய், "சாஞ்சு ஒக்காருங்கம்மா" என்றேன். அவரை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தலையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார்.

"சாயக் கூடாதுன்னு எழுதியிருக்குங்களே" என்றார்.

மறுநாளே சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக நானே போய் அந்த வாசகத்தின் மேல் அடித்தேன். காயும் வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரத்தில் சுண்ணாம்பு பொருக்குத் தட்டி உதிர்ந்து, சிவப்பு எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எண்ணெய்ப் பெயிண்ட். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொத்திவிடச் சொன்னேன். "மண் சாந்துக் கட்டுமானங்க. ஒரு தடவ கொத்துனதே பெருசு. இன்னொரு தடவ தாங்காது" என்று அவர் மறுத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு வருஷம் அந்த ஊர்ப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அந்த அம்மாள் பெருக்கிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருப்பார். என்னைக் கண்டால் எழுந்துவிடுவார். அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை. பிறகு எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் இறந்த செய்தியும் எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது.

சென்ற வருஷம் அன்னவாசலில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, காரைத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்த வீட்டிலேயே அதை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். வீடு நன்றாக இருக்கிறது. வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறார்கள். கம்பவுண்டர் படம் இருக்கிறது, மேசை நாற்காலி போட்டு நாலைந்து பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தேன். முதுகைச் சுவரில் வைத்தேன். தலையையும் வைத்தேன். சுவர் குளிர்ந்திருந்தது. கண்ணை மூடினேன். அந்தப் பழைய குரல் கேட்குமா என்று காத்திருந்தேன்.

"ஐயா," என்று ஒரு பெண் குரல் கேட்டது. நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள். நல்ல மரியாதைக்காரர். "தப்பா நெனைக்காதீங்க. செவத்துல சாயாதீங்க. எண்ணெக் கறை பட்டுருது." என் தலைக்கு மேலே கை காட்டினார். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக்கு அடியில் வெளிறிய சிவப்பில் இன்னும் படிக்கும்படி இருந்தது. "யாரு எழுதுனதுன்னு தெரியலைங்க. கம்பவுண்டர் ஐயா காலத்துல இருந்தே இருக்குதாம். அதான் நாங்களும் அழிக்கலை" என்றார்.

சுவரிலிருந்து முதுகை எடுத்தேன்.

"சரிங்க" என்றேன்.

துண்டு என்னோடு திரும்பி வந்துவிட்டது. இழுப்பறையில்தான் இருக்கிறது.